பிஸ்டன் பின் கையால் நுழையவில்லை என்றால் என்ன செய்வது?

கேள்வி இதுதான்: 1960களின் நான்கு சிலிண்டர் கார் எஞ்சின் ஒன்றை வீட்டு ஷெட்டில் வைத்துப் பிரித்தாகிவிட்டது. சிலிண்டர் போர் போட்டு (துளையைக் கடைந்து பெரிதாக்கி), புது பிஸ்டனும் வந்துவிட்டது. பிஸ்டனோடு வந்த பின்னை, அதாவது பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் எஃகு உருளையைக் கட்டைவிரலால் தள்ளினால் பாதிகூட உள்ளே போகவில்லை. சுத்தியலால் லேசாகத் தட்டு என்கிறார் ஒருவர். பிஸ்டனைச் சூடாக்கு என்கிறார் இன்னொருவர். பேசாமல் பட்டறையில் கொடுத்துவிடு என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வதைக் கேட்பது?

சுத்தியல்காரரை விட்டுவிடுங்கள், அவர் சொல்வது எந்த எஞ்சினுக்கும் பொருந்தாது. மற்ற இருவரில் யார் சொல்வது சரி என்பது, உங்கள் எஞ்சினில் பின்னை எது பிடித்து வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. கழற்றிய பழைய பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் கையில் எடுத்துப் பாருங்கள்.

பிஸ்டனில் பின் துளையின் இரண்டு ஓரத்திலும் சர்க்ளிப் (ஸ்பிரிங் வளையம்) உட்காரும் பள்ளம் இருந்து, ராடின் ஸ்மால் எண்டில், அதாவது பின் நுழையும் சிறிய முனையில், வெண்கல நிறத்தில் ஒரு புஷ் (உள்வளையம்) தெரிந்தால் அது முழு ஃப்ளோட்டிங் வகை. பின் பிஸ்டனிலும் சுற்றும், ராடிலும் சுற்றும். சர்க்ளிப் அதை வெளியே வராமல் தடுக்கிறது, அவ்வளவுதான். சர்க்ளிப் பள்ளம் இல்லை, புஷ்ஷும் இல்லை, ராடின் கண் (ஸ்மால் எண்ட் துளை) வெறும் இரும்பாக இருக்கிறது என்றால் அது பிரஸ் ஃபிட். ராடின் துளை பின்னைவிட ஒரு மயிரிழை சிறியது. அந்த இறுக்கம்தான் பின்னைப் பிடித்திருக்கிறது. பிஸ்டன் மட்டும் பின்னின் மேல் ஆடும். மூன்றாவது வகை இன்னும் பழையது. ஸ்மால் எண்டில் ஒரு வெட்டு இருக்கும், அதைக் குறுக்கே ஒரு போல்ட் இறுக்கும், பின்னின் நடுவில் அந்த போல்ட்டுக்கு இடம் விட்டு ஒரு பள்ளம் இருக்கும்.

கார் பெயரை வைத்து வகையை ஊகிக்காதீர்கள். மோரிஸ் மைனரிலும் மினியிலும் வந்த பிஎம்சி ஏ-சீரிஸ் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 948 சிசியில் போல்ட் இறுக்கும் ராட், 1098 சிசியில் ஃப்ளோட்டிங், 1275 சிசியில் பிரஸ் ஃபிட். ஒரே குடும்பத்துக்குள் மூன்று வகையும் உண்டு. போதாததற்கு, அறுபது வருடப் பழைய காரில் இப்போது இருப்பது அது பிறந்தபோது இருந்த எஞ்சின்தானா என்பதே சந்தேகம்.

உங்களுடையது ஃப்ளோட்டிங் வகை என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். வீட்டிலேயே நிம்மதியாகச் செய்யக்கூடியது இதுதான்.

புது பின் புது பிஸ்டனில் குளிர்ந்த நிலையில் இறுக்கமாக இருப்பது பெரும்பாலும் கோளாறு இல்லை. பிஸ்டன் அலுமினியம், பின் எஃகு. சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். எஞ்சின் ஓடும்போது துளை பின்னைவிட அதிகமாக விரிவதால், குளிரில் இறுக்கமாக இருந்தது சூட்டில் தேவையான இடைவெளிக்கு வந்துவிடும். வோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற எஞ்சின்களில் பிஸ்டனை 80 டிகிரி அளவுக்குச் சூடாக்கிப் பின்னை நுழைப்பது வழக்கமான முறையே.

ஆனால் சூடாக்குவதற்கு முன்னால் இரண்டு காரியம் இருக்கிறது. ஒன்று, புது பின்னின் மேல் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியிருக்கும் மெழுகு போன்ற எண்ணெயை பெட்ரோலிலோ தின்னரிலோ நன்றாகக் கழுவுங்கள். பல நேரம் நுழையாததற்குக் காரணம் அந்தப் பிசுக்குதான். இரண்டு, சர்க்ளிப் பள்ளத்தின் விளிம்பை விரல் நகத்தால் சுற்றித் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் நகம் மாட்டும். 600 நம்பர் எமரி தாளைச் சிறு துண்டாகச் சுருட்டி, அந்த விளிம்பை மட்டும் நீவிவிட்டால் போதும். துளைக்குள்ளே எமரி போகவே கூடாது.

இப்போது அளவு. சாதாரணமாகப் பலரிடம் இருப்பது 0.01 மில்லிமீட்டர் காட்டும் மைக்ரோமீட்டர். இங்கே நாம் பேசும் மொத்த இடைவெளியே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால் அந்தக் கருவியை வைத்துக்கொண்டு இந்த ஃபிட் சரி, தவறு என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. பழைய பின்னில் தேய்மானம் இருக்கிறதா, பின் நான்கும் ஒரே அளவா என்று பார்க்க அது உதவும். ஃபிட்டைக் கைதான் சொல்ல வேண்டும். எண்ணெய் தடவிய பிஸ்டன் பின் ராடின் புஷ்ஷுக்குள் கட்டைவிரலின் மெல்லிய அழுத்தத்தில் வழுக்கிப் போக வேண்டும். செங்குத்தாகப் பிடித்தால் தானாக மெதுவாக இறங்கலாம். தடாலென்று விழுந்தால் புஷ் தளர்ந்துவிட்டது. பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் துளிகூட ஆட்டம் கையில் தெரியக் கூடாது.

பிஸ்டனையும் பின்னையும் ராடையும் ஒரே மேஜையில் சில மணி நேரம் வைத்திருந்துவிட்டுச் சோதியுங்கள். 20 மி.மீ. துளையுள்ள பிஸ்டன் 10 டிகிரி கூடினால் துளை 0.004 மி.மீ. விரியும். கேட்க ஒன்றுமில்லாதது போல் இருக்கும். ஆனால் காலையில் நுழையாத பின் மதியம் நுழைவதற்கும், பிஸ்டனை நெடுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தவருக்கு மட்டும் பின் சுலபமாகப் போவதற்கும் அதுதான் காரணம்.

சரி, சூடாக்குவது. பிஸ்டன் முழுகும் அளவு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, பிஸ்டனை அதில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். சாதாரண மின்சார அவனில் 80 டிகிரி வைத்தும் செய்யலாம். கேஸ் டார்ச்சை மட்டும் பிஸ்டன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஒரே இடத்தில் தீ பட்டால் பிஸ்டன் கோணிக்கொள்ளும், அலுமினியத்தின் கடினமும் போய்விடும். தண்ணீரில் போட்டிருந்தால் எடுத்ததும் துடைத்து, துளையில் எண்ணெய் தடவுங்கள். 20 மி.மீ. துளை இந்தச் சூட்டில் சுமார் 0.02 மி.மீ. விரிந்திருக்கும். அது தாராளம்.

சூடாக்குவதற்கு முன்பே ஒரு பக்கத்து சர்க்ளிப்பை மாட்டி வைத்துவிடுங்கள். பின் எங்கே நிற்க வேண்டும் என்று அதுவே சொல்லும். ராடை எண்ணெய் போட்டுத் தயாராக, சரியான திசையில், வைஸின் பக்கத்தில் வையுங்கள். கையுறை போட்டுக்கொண்டு பிஸ்டனை எடுத்து, பின்னைத் துளையின் வாயில் நேராக வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால், நெய்யில் இறங்குவது போல் போகும். உள்சுவரில் எட்டிப் பார்க்கும்போது நிறுத்தி, ராடின் கண்ணை நடுவில் கொண்டுவந்து, மீண்டும் தள்ளுங்கள். எதிர்ப்பக்க சர்க்ளிப்பில் டக்கென்று முட்டும். ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே பின் மாட்டிக்கொண்டது போல் தோன்றினால் அடிக்கக் கூடாது. ராடை லேசாக ஆட்டிக்கொண்டே தள்ளினால் துளைகள் நேராகிவிடும். அப்போதும் போகவில்லையா? வெளியே எடுத்துவிட்டு மீண்டும் சூடாக்குங்கள். சூட்டிலும் வாயிலேயே நின்றுவிட்டால் அது பின் மாறிவந்த கேஸ், அல்லது துளை சிறியதாக வந்த பிஸ்டன். ஹோனிங் மிஷின் (துளையை அளவுக்குத் தேய்க்கும் மிஷின்) உள்ள பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். பிஸ்டனோடு வந்த பின்னை இன்னொரு பிஸ்டனுக்கு மாற்றாதீர்கள். பல நிறுவனங்கள் பின்னையும் துளையையும் ஜோடி பார்த்துத்தான் அனுப்புகிறார்கள்.

சுத்தியல் ஏன் கூடாது என்று கேட்பவர்களுக்கு: பின்னைத் தட்டும்போது அந்த அடியை வாங்குவது பின் இல்லை, எதிர்ப்பக்கத்து அலுமினியச் சுவரும் ராடும்தான். அலுமினியத் துளையில் கீறல் விழும், பிஸ்டனின் கீழ்ச்சுவரான ஸ்கர்ட் நசுங்கி வட்டம் போகும், ராட் வளையும். ராட் பார்வைக்கு நேராகவே இருக்கும். பல மேனுவல்கள் 100 மி.மீ. நீளத்துக்கு 0.05 மி.மீ. வளைவுக்கு மேல் ஒத்துக்கொள்வதில்லை. அந்த அளவை எந்தக் கண்ணும் பிடிக்காது. எஞ்சின் கொஞ்ச நாள் ஓடிய பிறகு பிஸ்டனின் ஒரு ஓரம் மேலேயும் எதிர் ஓரம் கீழேயும் சாய்வாகத் தேய்ந்திருப்பதைப் பார்த்தால்தான் தெரியும். பழைய பின்னைக் கழற்றும்போதும் இதே கதைதான். சர்க்ளிப் பள்ளத்துக்கு வெளியே கரியும் பிசிறும் படிந்திருக்கும். அதைச் சுத்தம் செய்துவிட்டு, பிஸ்டனை வெதுவெதுப்பாக்கி, நீள போல்ட், பின்னைவிடச் சிறிய வாஷர், எதிர்ப்பக்கம் ஒரு பெரிய சாக்கெட், நட் வைத்து இழுத்து எடுங்கள். இதை அரைமணி நேரத்தில் நீங்களே செய்துகொள்ளலாம்.

அடுத்து சர்க்ளிப். என் கணக்கில் இந்த வேலையிலேயே ஆபத்தான சாமான் இதுதான், விலையில்லாதது போல் இருப்பதால் யாரும் மதிப்பதில்லை. ஒன்று கழன்று வந்தால் பின் பக்கவாட்டில் நகர்ந்து சிலிண்டர் சுவரை உழுதுவிடும்; நீளவாக்கில் ஒரு பள்ளம். அதற்குப் பிறகு சிலிண்டருக்குள் ஸ்லீவ் (புது உள்குழாய்) போடுவதைத் தவிர வழியில்லை. அதனால் பழைய சர்க்ளிப் குப்பைக்கு. புதுசிலும், மாட்டும்போது தேவைக்கு மேல் நசுக்கியதை ஒதுக்கிவிடுங்கள்; ஸ்பிரிங் தன்மை போயிருக்கும். தகட்டில் வெட்டிய வகையில் ஒரு பக்க விளிம்பு கூராகவும் மறுபக்கம் உருண்டும் இருக்கும். கூரான பக்கம் வெளியே பார்க்க வேண்டும், அப்போதுதான் பின் தள்ளும்போது பள்ளத்தின் சுவரை நன்றாகக் கவ்வும். வட்டக் கம்பி வகைக்குப் பக்கம் கிடையாது. ஆனால் அதன் வாய் (இரு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி) பிஸ்டனின் தலையை நோக்கியோ நேர் கீழேயோ இருக்க வேண்டும், பக்கவாட்டில் இருக்கக் கூடாது. பிஸ்டன் மேலேயும் கீழேயும் திடீரென்று நின்று திரும்பும்போது கம்பியின் சொந்த எடையே அதை இழுக்கும். வாய் பக்கவாட்டில் இருந்தால் அந்த இழுப்பு வாயை மூடப் பார்க்கும், கிளிப் சுருங்கி வெளியே வரும். கழற்றுவதற்காகப் பிஸ்டனில் வெட்டியிருக்கும் குழிக்கு நேராகவும் வாய் வர வேண்டாம்.

மாட்டியதும் ஒரு சிறு ஸ்க்ரூடிரைவரால் கிளிப்பைப் பள்ளத்துக்குள்ளேயே கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். சுற்றளவு முழுக்க ஒரே இறுக்கத்தோடு நகர்ந்தால் உட்கார்ந்துவிட்டது. ஓரிடத்தில் லேசாக, இன்னோரிடத்தில் கடினமாக இருந்தால் எங்கோ மேலே நிற்கிறது. கண்ணாடி அணிந்துகொண்டு செய்யுங்கள். எஞ்சின் பிளாக் பக்கத்தில் இருந்தால் திறந்த வாயை எல்லாம் துணியால் அடைத்துவிடுங்கள். சர்க்ளிப் பறந்தால் எப்போதும் நமக்கு வேண்டாத இடத்தில்தான் போய் விழும்.

இனி திசை. இதைத்தான் எல்லாவற்றுக்கும் முதலில் செய்ய வேண்டும், ஆனாலும் ஆர்வத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள். பல பிஸ்டன்களில் பின் துளை நட்ட நடுவில் இருக்காது. ஒரு மில்லிமீட்டர் போல் ஒரு பக்கம் தள்ளியிருக்கும். பிஸ்டன் உச்சியில் திரும்பும்போது ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு மாறுகிறது. அந்த மாற்றம் அறையாக விழாமல் மெதுவாக நடக்கத்தான் இந்தத் தள்ளல். முன்னால் நின்று பார்க்கும்போது கடிகார முள் திசையில் சுற்றும் எஞ்சினில் எரிப்பு அழுத்தம் பிஸ்டனை இடது சுவரில் சாய்க்கும். பின்னும் அந்தப் பக்கமே தள்ளியிருக்கும். பிஸ்டனைத் திருப்பிப் போட்டால் எஞ்சின் ஓடும், ஆனால் குளிரில் டக டக என்று அறையும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி பெரும்பாலான எஞ்சின்களில் டைமிங் செயின் பக்கம், அதாவது முன்பக்கம் பார்க்கும். பீட்டிலில் அது ஃப்ளைவீலைப் பார்க்கும். அதனால் அம்பு எங்கே பார்க்க வேண்டும் என்பதை உங்கள் எஞ்சின் மேனுவலில் பாருங்கள், பழகிய இன்னொரு எஞ்சினை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

ராடுக்கும் திசை உண்டு. எண்ணெய் பீய்ச்சும் சிறு துளை எந்தப் பக்கம், சிலிண்டர் எண் எந்தப் பக்கம், பிக் எண்ட் (கிராங்க் பக்கத்துப் பெரிய முனை) ராடின் நடுக்கோட்டிலிருந்து எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்பதெல்லாம் பிஸ்டனின் அம்போடு சேர்ந்து சரியாக வர வேண்டும். நான்கு ராடுகளையும் நான்கு பிஸ்டன்களையும் ஒன்றாம் நம்பர் முதல் வரிசையாக அடுக்கி, பின் போடாமலேயே பக்கத்தில் வைத்துப் பார்த்து, மார்க்கர் பேனாவால் குறித்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோட்டிங் வகையில் தவறினால் இரண்டு சர்க்ளிப் நஷ்டம். பிரஸ் ஃபிட்டில் தவறினால் பிஸ்டனே நஷ்டமாகலாம்.

அந்த பிரஸ் ஃபிட்டுக்கு வருவோம். உங்களுடையது இந்த வகை என்றால் நான் மூன்றாமவர் பக்கம். செய்ய முடியாது என்பதில்லை. கணக்கு எளிதுதான்: 20 மி.மீ. கண்ணுள்ள ராடை 250 டிகிரிக்குக் கொண்டுபோனால் கண் ஏறக்குறைய 0.05 மி.மீ. விரியும். இறுக்கம் 0.025 மி.மீ. என்றால் மீதி 0.025 மி.மீ. இடைவெளி கிடைக்கும். பின்னை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் இன்னும் ஒரு 0.01 மி.மீ. சேரும். பளபளப்பாகத் தேய்த்து வைத்த எஃகு 220 டிகிரியில் வைக்கோல் நிறத்துக்கு வரும், 300ஐ நெருங்கும்போது நீலமாகும். நீலத்துக்குப் போகவிடக் கூடாது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பளபளப்பான உலோகத்தில் பொய் சொல்லும். குறிப்பிட்ட சூட்டில் உருகும் வெப்பக் கிரேயான் இருந்தால் அதை நம்பலாம்.

சிக்கல் கணக்கில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. குளிராக இருக்கும் பிஸ்டன் பின், சூடான கண்ணுக்குள் நுழைந்த உடனே சூட்டை உறிஞ்சிக்கொண்டு விரியும், ராட் சுருங்கும். இரண்டு மூன்று விநாடிதான். அதற்குள் பிஸ்டனின் ஒரு சுவர், ராடின் கண், எதிர்ச்சுவர் எல்லாவற்றையும் தாண்டி, பின் சரியான நடுவில் நிற்க வேண்டும். பின் எங்கே நிற்கும் என்பதற்கு முன்கூட்டியே அளந்து செய்த தடுப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். கண்மதிப்பில் நடுவில் நிறுத்த யாராலும் முடியாது. வழியில் நின்றுவிட்டால் அதோடு சரி, இனி ஹைட்ராலிக் பிரஸ்தான். குளிர்ந்த நிலையில் பிரஸ்ஸில் தள்ளும்போது பிஸ்டனின் அடியில் அதன் வடிவத்துக்கே செய்த தாங்கி இல்லையென்றால் ஸ்கர்ட் கோணும் அல்லது வெடிக்கும். இதற்கென்றே மின்சார ராட் ஹீட்டரும், பாகங்களைச் சரியான இடத்தில் நிறுத்தும் ஜிக்கும் வைத்திருக்கும் பட்டறையில் நான்கும் ஒரு மணி நேர வேலை. கொடுக்கும்போது திசைக் குறியிட்டுக் கொடுங்கள். அம்பு எந்தப் பக்கம், எண் எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் வரைந்தும் கொடுங்கள். உங்கள் எஞ்சின் அவர்கள் அடிக்கடி பார்க்கும் எஞ்சினாக இருக்காது.

திரும்ப வந்ததும், முழுக்கக் குளிர்ந்த பிறகு, பிஸ்டன் பின்னின் மேல் தடையில்லாமல் ஆடுகிறதா, ராட் இரண்டு பக்கமும் சமமாக நகருகிறதா, பின்னின் முனை எந்தப் பக்கமும் வெளியே நீட்டவில்லையா என்று பாருங்கள்.

போல்ட் இறுக்கும் வகையில் ஒரே ஒரு எச்சரிக்கை. ராடை வைஸில் பிடித்துக்கொண்டு அந்த போல்ட்டை இறுக்கினால் ராட் முறுகும். பின்னின் இரண்டு முனையிலும் செருகும் அளவுக்கு இரண்டு உலோகக் கட்டைகளைச் செய்து, அவற்றை வைஸில் பிடித்து இறுக்குங்கள். பின்னின் நடுப் பள்ளம் போல்ட்டுக்கு நேராக இருக்கிறதா என்று துளை வழியே பார்த்துவிட்டு போல்ட்டைக் கையால் கடைசி மரை வரை திருகுங்கள். ஸ்பேனர் அதற்குப் பிறகுதான். போல்ட், வாஷர் இரண்டும் புதுசு, இறுக்கம் மேனுவல் சொல்லும் அளவு.

ஸ்மால் எண்ட் புஷ் மாற்ற வேண்டியிருந்தால் அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய எஞ்சினில் ஐடிலில் இரட்டைத் தட்டு போல் ஒரு சத்தம் வந்து, அந்த சிலிண்டரின் பிளக் வயரைக் கழற்றினால் சத்தம் மாறுகிறது என்றால் பின்னும் புஷ்ஷும் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். புது புஷ்ஷை வைஸில் வைத்து அழுத்தி ஏற்றுவதை வீட்டில் செய்யலாம். எண்ணெய்த் துளை ராடின் துளைக்கு நேராக வர வேண்டும், அது முக்கியம். ஆனால் ஏற்றிய புஷ் பின்னுக்குச் சிறியதாக இருக்கும், அதை ரீமர் (துளையைச் சீவிப் பெரிதாக்கும் கருவி) போட்டோ ஹோன் செய்தோ அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அட்ஜஸ்டபிள் ரீமரைக் கையால் போட்டவர்கள் உண்டு, நன்றாகப் போட்டவர்களும் உண்டு. என்றாலும் ஸ்மால் எண்ட் துளை பிக் எண்ட் துளைக்கு இணையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைக் கைப்பிடியில் காப்பாற்றுவது கடினம். நான் ராடுகளையும் பின்களையும் சேர்த்துப் பட்டறையில் கொடுத்து ஹோன் செய்யச் சொல்வேன். அங்கேயே ராட் வளைவும் முறுக்கும் பார்த்துவிடலாம்.

எல்லாம் முடிந்து நான்கு ஜோடியும் மேஜையில் இருக்கும்போது, ரிங் போடுவதற்கு முன்பு, ஒவ்வொரு பிஸ்டனையும் தலைகீழாகப் பிடித்து ராடை ஒரு பக்கம் சாய்த்து விடுங்கள். ஃப்ளோட்டிங் வகையில் ராட் தன் எடையில் மெதுவாக, தயங்காமல் விழ வேண்டும். ஒன்று மட்டும் பாதியில் நின்றால், அதை இப்போதே கழற்றிப் பார்த்துவிடுங்கள். அப்புறம் நான்கையும் தனித்தனியாக எடை போட்டு எழுதி வையுங்கள். சமையலறைத் தராசே ஒரு கிராம் வித்தியாசம் காட்டும். எத்தனை கிராம் வரை வித்தியாசம் பொறுக்கும் என்பது மேனுவலில் இருக்கும். அதைத் தாண்டினால் எங்கே உலோகம் எடுப்பது என்பது தனிக் கேள்வி.